பரிசு வாங்கிய நாடகங்களின் பிரதி எங்கே?

சென்னையில் கோடைதோறும் புதிய தமிழ் நாடகங்களை மேடையேற்றும் சபாக்களின் செயலாளர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், நடுவர்களுக்கும், புரவலர்களுக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. இசைக்கும் நடனத்துக்கும் மார்கழி இருக்கிறது. நாடகத்துக்கு வாய்த்தது அக்கினி நட்சத்திரம். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு ஊரில் பாதிப் பேர் வெளியூர் கிளம்பிவிட்ட நாட்களில், மாலையில் மூன்றாவது மணியடித்துத் திரையைத் திறக்கிறீர்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் கோடை நாடக விழாவின் அடிப்படையே, மேடையேறுவது புது நாடகமாக இருக்க வேண்டும் என்பதுதான். இந்த ஒரு விதிக்காகவே அந்த அமைப்புக்குத் தமிழ் நாடகம் கடன்பட்டிருக்கிறது. போன வருடம் கைதட்டல் வாங்கியதைத் தூசி தட்டி எடுத்துவர வழியில்லை என்பதால், பொங்கல் முடிந்த கையோடு குழுக்கள் புதுக் கதை தேட ஆரம்பித்துவிடுகின்றன.

அந்தத் தேடலை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சபா மேடையில் நடிப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இது நேற்று வந்த வழக்கமல்ல. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் (அரசுக் கணக்காயர் அலுவலகத்தில்) உத்தியோகம் பார்த்தபடியேதான் நாடகம் எழுதினார். எஸ்.வி. சேகருக்காக 1976இல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதியதால் பெயரோடு ‘கிரேஸி’ ஒட்டிக்கொண்ட மோகன், படிப்பால் பொறியாளர். இன்றும் அதே கதைதான். அலுவலகம் முடிந்து டிராபிக்கில் நீந்தி வந்து, யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. கதாநாயகிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண் பாத்திரங்களை இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுத்தாளரிடம் கெஞ்சும் குழுத் தலைவர்களை எனக்குத் தெரியும். (நம் நாடகக் குடும்பங்களில் அம்மா ஏன் அடிக்கடி ஊருக்குப் போய்விடுகிறார், அல்லது ஏன் சுவரில் மாலை போட்ட படமாகவே இருக்கிறார் என்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் தேட வேண்டாம்.) இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு ஆண்டும் புதிய நாடகப் பிரதிகள் உருவாகின்றன. அவற்றில் சில நன்றாக இருக்கின்றன. மிகச் சில, எந்த மொழி மேடையிலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியவை.

அந்தப் பிரதிகள் பிறகு எங்கே போகின்றன என்று கேட்கத்தான் இந்த மடல்.

விழா முடிகிறது. கடைசி நாளில் சிறந்த நாடகம், சிறந்த கதை, சிறந்த வசனம் என்று பரிசுகள் அறிவிக்கப்படுகின்றன. சிறப்பு விருந்தினர் நாடகக் கலை அழிந்துவருவதைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார். கேடயம் வாங்கிய எழுத்தாளர் புகைப்படத்துக்கு நிற்கிறார். அந்த நாடகம் அதற்குப் பிறகு இன்னும் சில சபாக்களில் வார இறுதியில் நடக்கும். நூறாவது மேடை, இருநூறாவது மேடை என்று விளம்பரம் போட்ட காலம் மலையேறிவிட்டது. அடுத்த ஏப்ரலுக்குப் புது நாடகம் வேண்டும் என்பதால் குழுவும் பழையதைக் கைவிட்டுவிடுகிறது. அத்தோடு அந்த நாடகம் முடிந்தது.

சபா நாடகப் பிரதி எப்படி இருக்கும் என்று புரவலர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். கணினியில் டி.டி.பி. செய்து ஸ்பைரல் போட்ட நோட்டு, அதிகம் போனால் ஆறேழு நகல்கள். பாத்திரத்தின் பெயர் ‘ராகவன்’ என்று அச்சாகியிருக்கும். ஓரத்தில் நடிப்பவரின் செல்லப் பெயரைப் பென்சிலில் எழுதியிருப்பார்கள். நீளம் கருதி வெட்டிய வசனங்கள் மேல் குறுக்குக் கோடு. ஒளியமைப்பாளரின் பிரதியில் “நீலம் – மெதுவாக” என்று சிவப்பு மையில் இருக்கும். ஒத்திகையில் யாரோ தற்செயலாகச் சொல்லி எல்லாரும் சிரித்ததால் நிலைத்துவிட்ட வசனம், எந்தப் பிரதியிலும் இருக்காது. நடிகரின் நாக்கில் மட்டும் இருக்கும். ஆக, மேடையில் நாம் பார்த்த நாடகம் முழுமையாக ஓரிடத்திலும் இல்லை. ஆறு நோட்டுகளிலும் ஐந்தாறு பேர் ஞாபகத்திலும் சிதறிக் கிடக்கிறது.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் தமிழாசிரியர், மாணவர்களுக்காகச் சமகாலக் குடும்ப நாடகம் ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கோடை விழா ஒன்றில் பரிசு வாங்கிய ஒரு நாடகத்தைச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் நடப்பது; கண்ணீரைப் பிழியாமல், வாரிசுகள் பக்கத்து நியாயத்தையும் பேசவிட்ட நாடகம். எழுத்தாளர் காலமாகிவிட்டிருந்தார். வீட்டாரிடம் கேடயம் இருந்தது, பிரதி இல்லை. குழுத் தலைவர் வீட்டில் பரணில் இருந்த நோட்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போய்க் குப்பைக்குப் போயிருந்தது. விழா நடத்தியவர்களிடம் அழைப்பிதழும் பரிசுப் பட்டியலும் கிடைத்தன. முக்கிய வேடத்தில் நடித்தவர் தன் வசனங்களை மட்டும் போனிலேயே ஒப்பித்தார். எதிரே நின்றவர் என்ன சொன்னார் என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கல்லூரியில் கடைசியில் ஒரு புராண நாடகம் போட்டார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பிரதியைப் பாதுகாப்பது யாருடைய வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள், வேறு காரணத்துக்காக. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று அப்போதே பேசப்பட்ட 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சட்டத்தின் நிழலில், நாடகம் போடுவதற்கு முன் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்குவது வழக்கமாகிப் போனது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பாருங்கள், நாடகக்காரர்களிடம் “உன் பிரதியைக் கொடு” என்று கேட்ட ஒரே அமைப்பு அத்தனை ஆண்டுகளும் போலீஸ் இலாகாதான். வெள்ளைக்காரன் காலத்தில் தடைசெய்யப்பட்ட தேசபக்தி நாடகங்களைப் பற்றி இன்றைய ஆய்வாளர்களுக்குத் தகவல் கிடைப்பதும் பெரும்பாலும் அரசாங்கக் கோப்புகளிலிருந்துதான். தடை செய்தவன் காப்பாற்றி வைத்த அளவுக்குக்கூட, பரிசு கொடுத்த நாம் காப்பாற்றவில்லை.

அதே 1954இல் மத்திய அரசு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நான்கு பொது நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நான்கில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. உங்கள் விழா நாடகங்கள் புத்தகமானால், சட்டப்படியே கன்னிமாராவில் அவற்றுக்கு இடம் உண்டு. புத்தகமாகாததால் பரணில் இருக்கின்றன.

அச்சில் ஏறிய நாடகத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர். உங்கள் குழுக்காரர்களைப் போலவே வேறு தொழில் பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். எழுதியவற்றை அச்சிட்டும் வைத்தார். அவருடைய ‘மனோகரா’ அமெச்சூர் சபையிலிருந்து தொழில்முறை நாடகக் கம்பெனிகளுக்குப் போய், 1954இல் சினிமாவாகவும் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ புத்தகமாக இருந்ததால்தான் இந்தி மேடை வரை போக முடிந்தது. நவீன நாடக ஆசிரியர் ந. முத்துசாமியின் நாடகங்களை அவர் முகத்தையே பார்த்திராத மாணவர்கள் இன்றைக்கும் எடுத்துச் செய்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் கசப்பான பேச்சு. சபாக்களுக்கு வெளியே சோதனை முயற்சிகள் செய்யும் நவீன நாடகக்காரர்களுக்கு உங்களைப்போல் பார்வையாளர் கூட்டம் ஒருநாளும் இருந்ததில்லை. ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தாலே மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அவர்கள் பிரதியைச் சிறுபத்திரிகையில் போட்டார்கள்; ‘நாடகவெளி’ போல நாடகத்துக்கென்றே இதழ் நடத்தினார்கள்; தொகுப்பு கொண்டுவந்தார்கள். விளைவு, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் விமர்சன நூல்களிலும் ‘தமிழ் நாடகம்’ என்ற தலைப்பின்கீழ் அவர்கள் இருக்கிறார்கள். சபா நாடகம் என்றால் வெறும் நகைச்சுவைத் துணுக்குகளின் தோரணம் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அந்த வாக்கியம் உங்களுக்குக் கோபமூட்டுகிறது, எனக்கும்தான். மறுப்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? “நான் பார்த்தேன், நன்றாக இருந்தது” என்பது சாட்சியமாகாது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ பற்றி மட்டும் யாரும் அப்படிப் பேசத் துணிவதில்லை. அதுவும் 1980இல் சபா மேடைகளில் ஓடிய நாடகம்தான். படம் வந்தது ஒரு காரணம். பிரதி புத்தகமாகக் கையில் கிடைப்பது இன்னொரு காரணம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று, ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊர். நியூயார்க் மாதிரி நாடகத் தலைநகரம் ஒன்றுமல்ல. குதிரைப் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஆக்டர்ஸ் தியேட்டர் என்ற அமைப்பு, 1970களின் பிற்பகுதியில் உங்களைப் போலவே புது நாடகங்களுக்கு மட்டும் விழா நடத்தத் தொடங்கியது. ஹ்யூமானா என்ற உள்ளூர்ப் பெருநிறுவனத்தின் அறக்கட்டளை புரவலர். பெத் ஹென்லியின் ‘கிரைம்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ 1979இல் அங்கே அரங்கேறி, 1981இல் புலிட்சர் பரிசு வாங்கியது. விழாக் குழுவினர் பின்னாளில் ஒவ்வொரு ஆண்டின் நாடகங்களையும் தொகுத்து நூலாக வெளியிட ஏற்பாடு செய்தார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு அந்த விழா நின்றே போய்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த விழா, பணமும் பெயரும் இருந்த விழா, நின்றுவிட்டது. ஆனால் நாடகங்கள் நிற்கவில்லை. அந்தத் தொகுதிகளை எடுத்து இன்றும் யாரோ எங்கோ ஒத்திகை பார்க்கிறார்கள். 2020இல் நம் அரங்குகளும் பூட்டிக் கிடந்தன. நம் விழா என்றைக்காவது நின்றால் எதை எடுத்துப் பார்ப்போம்?

செயலாளர்களின் பதில்கள் எனக்குத் தெரியும். நாடகம் விட்டதும் கேன்டீனில் நின்று பேசும்போது கேட்டவைதான்.

“பிரதியை வெளியிட்டால் கதையைச் சுட்டுவிடுவார்கள்.” எழுத்தாளர்களின் இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, சீரியல்களில் தங்கள் காட்சிகளைப் பார்த்துத் திகைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்போதும் சுடுகிறார்கள்தானே, அச்சிடாமலேயே? பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவனை எந்தப் பூட்டு தடுக்கும்? நம் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுத்தாளரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் உண்டு. பிரச்சினை, இந்தத் தேதியில் இது என்னுடையதாக இருந்தது என்று நிரூபிப்பதில்தான். பெயரும் ஆண்டும் போட்ட அச்சுப் பிரதியை விட அதற்கு நல்ல சாட்சி ஏது?

“செலவுக்கு எங்கே போவது?” புரவலர்களைக் கைகாட்டுகிறேன். வங்கிகளும் நகைக்கடைகளும் கட்டுமான நிறுவனங்களும் மேடையின் இருபுறமும் பதாகை வைக்கின்றன. விழா முடிந்த மறுநாள் அது சுருட்டப்பட்டு மூலைக்குப் போகிறது. அதே பெயரை ஒரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் போட்டால் கன்னிமாரா இருக்கும் வரை இருக்கும். இப்போது கேட்கும் அளவுக்கு மட்டும் பிரதிகள் அச்சடிக்கும் வசதி வந்துவிட்டது. ஆயிரம் பிரதி அடித்துக் கிடங்கில் கரையானுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

“நாடகத்தை யார் சார் படிக்கிறார்கள்?” இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். நாடகப் புத்தகம் நாவலைப்போல் நாற்காலியில் சாய்ந்து படிப்பவனுக்காக அல்ல. திருச்சியிலோ திருநெல்வேலியிலோ குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு நாடகம் தேடுபவனுக்காக; டொரொண்டோவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சங்க மேடைக்கு, பத்துப் பேர் நடிக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று சென்னை நண்பனுக்குச் செய்தி அனுப்புகிறவனுக்காக. அவர்களுக்குக் கிடைக்காததால் சினிமாக் காட்சிகளை நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு பிரதியை நூறு பேர் படித்து அதில் நான்கு பேர் மேடையேற்றினால், எழுத்தாளருக்கு நான்கு முறை சன்மானம் வர வேண்டும். அதை வாங்கித்தரும் வேலையைச் சபா செய்யலாம். தமிழ் நாடக ஆசிரியனுக்குப் பிரதியிலிருந்து பணம் வந்தது என்ற செய்தியைப் படித்துக் கண்ணை மூட எனக்கு ஆசை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. நாடகம் இரண்டாவது முறை, வேறு குழுவால், வேறு இயக்குநரின் கையில் மேடையேறும்போதுதான் அதில் சரக்கு இருக்கிறதா என்று தெரியும். முதல் முறை நடிகரின் சாமர்த்தியம் பல ஓட்டைகளை மூடிவிடும். புது நாடக விதியில் கை வைக்க வேண்டாம். அது உங்கள் விழாவின் உயிர். ஆனால் ஒரே ஒரு மாலையை, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பரிசு நாடகம் ஒன்றை இன்னொரு குழு செய்வதற்கு ஒதுக்கிப் பாருங்கள். இன்னொருவர் எழுதியதைச் செய்வது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைக்கும் பழக்கம் நம் குழுக்களிடம் இருக்கிறது. எழுத்தாளர், இயக்குநர், கதாநாயகன் மூவரும் ஒருவரே என்ற ஏற்பாட்டில் வளர்ந்த பழக்கம் அது. சலுகை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்: அந்த மாலைக்கு அரங்க வாடகையும் செட்டும் உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள், குழுக்கள் வரும். அதையே திருச்சிக்கோ மதுரைக்கோ கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் வேன் வாடகையை நினைத்தால் எனக்கே பேச்சு வரவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

நடுவர்களுக்கு ஒரு வரி: சிறந்த வசனத்துக்கான பரிசை முடிவு செய்யும் முன் பிரதியைக் கையில் வாங்கிப் படியுங்கள். மைக் இரைந்ததால் கேட்காமல் போன வசனம் அதில் இருக்கும்.

எங்கே தொடங்குவது என்றால், விண்ணப்பத்தில். அடுத்த விழாவுக்குக் குழுக்களிடம் வாங்கும் படிவத்தின் கடைசியில் இப்படி ஒன்றைச் சேர்த்தால் போதும்: “அரங்கேற்றம் முடிந்த முப்பது நாட்களுக்குள், மேடையில் நிகழ்த்தப்பட்ட வடிவத்தில் திருத்திய நாடகப் பிரதியின் ஒரு நகலையும் கணினிக் கோப்பையும் விழாக் குழுவிடம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறோம். உரிமை முழுவதும் எழுத்தாளருடையது.” முப்பது நாட்கள் என்று சொல்வதற்குக் காரணம், ஒத்திகையிலும் முதல் காட்சியிலும் மாறிய வசனங்கள் பிரதியில் ஏற வேண்டும் என்பது. விண்ணப்பத்தோடு வாங்கினால் வெட்டுவதற்கு முந்தைய பிரதிதான் கிடைக்கும். நகல் ஒன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகட்டும். அச்சுப் பழமைகளைக் காப்பதில் கைதேர்ந்தவர்கள், நம் நோட்டுகளையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுப்பாருங்கள். அச்சிடுவதைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம். பழைய ஆண்டுகளின் பிரதிகளுக்கு, உயிரோடிருக்கும் எழுத்தாளர்களிலிருந்து ஆரம்பியுங்கள்; மூத்தவர்களிடம் முதலில் போங்கள்.

மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நானிருக்கிறேன். சம்பளம் வேண்டாம், கேன்டீன் காபி போதும். ஒற்றுப் பிழைக்குச் சண்டை பிடிப்பேன், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
பின்வரிசையிலிருந்து ஒரு நாடக ரசிகன்,
மயிலாப்பூர்